வாசகர் கேள்வி – பதில்: போன காபன் வரியும் போகாத விலைவாசியும்

கனடாவில் பொதுமக்கள் எரிபொருளுக்குச் செலுத்திவந்த காபன் வரி 2025 ஏப்ரல் 1ஆம் திகதியுடன் பூச்சியமாக்கப்பட்டது. வரி போய்விட்டாலும் அதைப் பற்றிய கடிதங்கள் எமக்கு வருவது நிற்கவில்லை. வரி இருந்த காலத்தில் "இதனால்தான் விலை ஏறியது" என்று எழுதிய சிலரே இப்போது "பிறகு ஏன் விலை இறங்கவில்லை" என்று கேட்கிறார்கள். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். வாசகர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் தருகிறோம்.

கேள்வி: நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். வரியை எடுத்த கிழமையில் பெற்றோல் விலை இறங்கியதை என் கண்ணாலேயே கண்டேன். ஆனால் மாத முடிவில் கையில் மிஞ்சுவது முன்பு போலவேதான் இருக்கிறது. எங்கே போகிறது அந்தப் பணம்? (ஸ்காபரோ)

பதில்: உங்கள் கேள்விக்கு அரசியல் பேசுவதைவிடக் கணக்குப் பார்ப்பதே நல்லது. கடைசி ஆண்டில் காபன் வரி, எரிபொருள் வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஒரு தொன்னுக்கு 80 டொலர் என்ற அளவில் இருந்தது. பெற்றோல் நிலையத்தில் அது ஒரு லீற்றருக்கு 17.61 சதமாக வந்தது; அதன் மேலும் 13 சதவீத விற்பனை வரி ஏறியதால் ஒன்ராறியோவில் உண்மையில் நாம் கொடுத்தது ஏறத்தாழ 20 சதம். ஐம்பது லீற்றர் பெற்றோல் அடித்தால் பத்து டொலருக்குச் சற்றுக் குறைவு. இதை நீங்கள் ஒவ்வொரு முறையும் கண்டீர்கள், கொடுத்தீர்கள், மனத்தில் எழுதிவைத்தீர்கள்.

இப்போது மறுபக்கம். இந்த வரியில் பெரும்பகுதியை அரசாங்கம் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தது; அதன் பெயர்தான் மீளளிப்பு. நால்வர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு ஒன்ராறியோவில் 2024–25ஆம் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 280 டொலராக, ஆண்டுக்கு 1,120 டொலர் மீளளிப்பாக வந்தது. உங்கள் வீட்டில் குளிர்காலச் சூட்டுக்கும் சமையலுக்கும் ஆண்டுக்கு 2,200 கனமீற்றர் இயற்கை எரிவாயு செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கனமீற்றருக்கு 15.25 சதம் என்ற கணக்கில், விற்பனை வரியும் சேர்த்து, எரிவாயுவுக்கான காபன் வரி ஏறத்தாழ 379 டொலர். மீதி 741 டொலர். நூறு கிலோமீற்றருக்குப் பத்து லீற்றர் குடிக்கும் கார் ஒன்று ஆண்டுக்கு 37,000 கிலோமீற்றர் ஓடினால்தான் அந்த மீதி தீரும். வேலைக்கும் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் கார் எடுக்கும் குடும்பம் அவ்வளவு தூரம் ஓடுவதில்லை.

நீங்கள் ஓடுவீர்கள். நூறு கிலோமீற்றருக்கு எட்டு லீற்றர் என்ற சிக்கனமான காரில் ஆண்டுக்கு 70,000 கிலோமீற்றர் என்றாலும் 5,600 லீற்றர், அதற்கான வரி 1,114 டொலர். வீட்டு எரிவாயுவையும் சேர்த்தால் 1,493 டொலர். வந்த மீளளிப்பைக் கழித்தால் உங்களுக்கு ஆண்டுக்கு 373 டொலர் நட்டம் இருந்திருக்கும். தொழிலுக்கு அடித்த பெற்றோலை நீங்கள் வருமான வரியில் செலவாகக் காட்டுவதால் அந்த நட்டமும் முழுதாக உங்கள் தலையில் விழவில்லை. ஆகவே வரி நீங்கியதால் உங்களுக்குக் கிடைத்த இலாபம் நாளொன்றுக்கு ஒரு டொலர் அல்லது அதற்கும் குறைவு. ஒரு கோப்பிக்கும் காணாது. மாத முடிவில் அதைக் காணவில்லை என்று நீங்கள் சொல்வது முற்றிலும் சரி.

இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கனடா மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை 2022 மார்ச் தொடக்கத்தில் இருந்த 0.25 சதவீதத்திலிருந்து 2023 ஜூலையில் 5 சதவீதத்துக்கு உயர்த்தியது. வட்டி வீதம் மாறிக்கொண்டிருக்கும் வகையில் ஆறு இலட்சம் டொலர் வீட்டுக்கடன் எடுத்த ஒருவருக்கு அந்த 4.75 புள்ளி உயர்வு ஆண்டுக்கு 28,500 டொலர் மேலதிக வட்டி. நம்மவர் வீடுகளில் இரண்டாம் வேலைக்குப் போகவைத்தது, பேஸ்மன்டை வாடகைக்கு விடவைத்தது, விட்ட வாடகையைக் கூட்டவைத்தது இந்தத் தொகைதான். பெற்றோல் நிலையத்துப் பத்து டொலருக்கு "வரியை வெட்டு" என்று ஒரு கோஷம் இருந்தது, இதற்கு இல்லை.

கேள்வி: மீளளிப்பு வந்தது, வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஒரு சதமும் வந்ததாக நினைவில்லை. நான் ஒழுங்காக டக்ஸ் செய்பவன். எனக்கு மட்டும் தராமல் விட்டுவிட்டார்களா? (மார்க்கம்)

பதில்: அநேகமாக வந்திருக்கும். ஒன்று, அது வேறு பெயரில் வந்திருக்கும். அல்லது உங்கள் மனைவியின் கணக்குக்குப் போயிருக்கும்.

2019இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது மீளளிப்பு தனிப் பணமாக வரவில்லை. வருமான வரிப் படிவத்தில் ஒரு வரிசையாக இருந்து, நாம் கட்டவேண்டியதைக் குறைத்தது அல்லது திரும்பி வருவதைக் கூட்டியது. வரி செய்து கொடுப்பவர் "இந்த முறை இவ்வளவு வருகிறது" என்று மொத்தத் தொகையைச் சொன்னாரே தவிர, அதில் காபன் வரிக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொன்னவர் அரிது. 2022 ஜூலையிலிருந்துதான் அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக்கு நேரே வரத் தொடங்கியது. வந்தும் என்ன பயன்? வங்கிக் கூற்றில் அதன் பெயர் ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு விதமாக இருந்தது. பலருக்குக் கனடா அரசு அனுப்பியது என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. என் கதையும் இதுதான். ஒரு நாள் கைத்தொலைபேசியில் வங்கிக் கணக்கைப் பார்த்து, 'ஜி.எஸ்.டி. பணம் வந்துவிட்டது' என்று வீட்டில் அறிவித்தேன். விற்பனை வரிக்கு ஈடாக அரசு தரும் அந்த ஜி.எஸ்.டி. பணம் வரும் நாள் அதுவல்ல என்பதைச் சொன்னது பள்ளிக்கூடம் போகும் என் மகள். இந்தப் பகுதியில் பிறருக்குப் பதில் எழுதும் எனக்கே நிலைமை இது.

இத்தனைக்கும் பிறகு 2024 பெப்ரவரியில் அரசாங்கம் அதன் பெயரைக் கனடா காபன் மீளளிப்பு என்று மாற்றியது; அந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின்போது, வங்கிகள் இப்பணத்தை அதன் சரியான பெயரிலேயே காட்டவேண்டும் என்று சட்டத் திருத்தமும் கொண்டுவந்தது. வரி தொடங்கி ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த ஐந்து ஆண்டுகளில் எதிர்க்கட்சியான கொன்சவேட்டிவ் கட்சியின் அந்தக் கோஷம் நாடு முழுவதும் மனப்பாடமாகிவிட்டது.

மனைவியின் கணக்கு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கணவன், மனைவி இருவரில் எவருடைய வரிப் படிவம் முதலில் பரிசீலிக்கப்பட்டதோ அவருக்கே முழுக் குடும்பத்துக்குமான தொகை போனது. பல வீடுகளில் பெற்றோல் அடிப்பவர் ஒருவர், மீளளிப்பைப் பெற்றவர் மற்றவர். கொடுத்தவருக்குக் கொடுத்தது மட்டுமே தெரிந்திருந்தது. ஒரே வீட்டுக்குள்ளேயே இந்த வரிக்கு எதிராக ஒருவரும் ஆதரவாக ஒருவரும் இருந்ததில் வியப்பில்லை.

வரியைக் கண்ணில் காட்டுவதில் மாகாண அரசுக்கு இத்தகைய தயக்கம் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்டின் அரசு, 2019இல் ஒவ்வொரு பெற்றோல் பம்பிலும் காபன் வரி எவ்வளவு சேர்க்கிறது என்று காட்டும் ஒட்டியை ஒட்டவேண்டும் என்று சட்டம் இயற்றியது. ஒட்டாதவர்களுக்குத் தண்டம். அந்த ஒட்டியில் வரி ஏறும் அளவு இருந்தது, மீளளிப்பைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. ஒட்டிகள் பம்புகளில் சரியாக ஒட்டாமல் உரிந்து விழுந்தது தனிக் கதை. 2020 செப்டெம்பரில் நீதிமன்றம் அந்தச் சட்டம் கருத்துச் சுதந்திரத்தை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது.

கேள்வி: நான் டிரக் ஓட்டுபவன். டீசலுக்கு வரி ஏறினால் டிரக் வாடகை ஏறும். வாடகை ஏறினால் கடையில் தக்காளி விலை ஏறும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொருளியலாளர்கள் மட்டும் இல்லை என்கிறார்களே? (பிரம்ப்டன்)

பதில்: அவர்கள் இல்லை என்று சொல்லவில்லை, எவ்வளவு என்று சொன்னார்கள். நீங்கள் ஓட்டும் பாதையிலேயே பார்ப்போம்.

லெமிங்டன் கண்ணாடிக்கூடங்களில் தக்காளி ஏற்றி ரொறன்ரோவுக்கு வருகிறீர்கள். ஏறத்தாழ 350 கிலோமீற்றர். நூறு கிலோமீற்றருக்கு 40 லீற்றர் என்றால் 140 லீற்றர் டீசல். வரி உச்சத்தில் இருந்தபோது டீசலுக்கு லீற்றருக்கு 21.39 சதம், ஆகவே அந்தப் பயணத்துக்கான காபன் வரி 30 டொலர். வெறும் வண்டியாகத் திரும்பிப் போவதையும் சேர்த்து 60 டொலர் என்றே வைப்போம். வண்டியில் இருப்பது இருபது தொன், அதாவது இருபதினாயிரம் கிலோ. கிலோவுக்கு 0.3 சதம். மூன்று கிலோ தக்காளி வாங்கினால் ஒரு சதம்கூட வரவில்லை. அந்த ஒரு சத நாணயத்தையும் இந்த நாடு 2013இலேயே கைவிட்டுவிட்டது.

கண்ணாடிக்கூடத்தைச் சூடாக்கும் எரிவாயுவுக்கும் வரி இருந்தது. ஆனால் வணிகக் கண்ணாடிக்கூடங்களுக்கு அதில் 80 சதவீதம் விலக்கு இருந்தது. பண்ணையில் டிராக்டருக்கு அடிக்கும் டீசலுக்கு வரியே இல்லை. தானியம் உலர்த்தும் எரிவாயுவுக்கு வரி இருந்தது. அதை நீக்கக் கொண்டுவந்த மசோதா பாராளுமன்றத்தின் பொதுச்சபைக்கும் செனற்றுக்கும் இடையில் இழுபட்டது. விவசாயிகளின் அந்தக் குறை நியாயமானது என்பது என் கருத்து, ஏனெனில் ஈரத் தானியத்தை உலர்த்த அவர்களுக்கு வேறு வழி கைவசம் இருக்கவில்லை. மற்றபடி, நம் கடைகளில் அடுக்கியிருக்கும் சிவப்பரிசியும் மிளகாய்த்தூளும் கருவாடும் கடல் கடந்து வந்த பயணத்துக்குக் கனடாவின் இந்த வரியைக் கட்டவில்லை. அவற்றின் விலையும் ஏறத்தான் செய்தது.

கனடா மத்திய வங்கியின் ஆளுநர் ரிஃப் மக்கிளம் சொன்ன கணக்கின்படி, ஆண்டுதோறும் காபன் வரி ஏறியதால் பணவீக்கத்தில் சேர்ந்தது 0.15 சதவீதப் புள்ளி. பணவீக்கம் 2022 ஜூனில் 8.1 சதவீதமாக இருந்தது. வரியை முற்றாக எடுத்தால் பணவீக்கம் ஒருமுறை, ஓராண்டுக்கு, 0.6 புள்ளி குறையும் என்றும் அவர் சொல்லியிருந்தார். 2025 ஏப்ரலில் வரி எடுக்கப்பட்டதும் பணவீக்கம் 2.3 சதவீதத்திலிருந்து 1.7 சதவீதத்துக்கு இறங்கியது. மசகெண்ணெய் விலையும் அந்த மாதம் விழுந்ததால் இது முழுவதும் வரியின் வேலை என்று சொல்லமுடியாது. பெற்றோல் விலை முந்திய ஆண்டைவிட 18.1 சதவீதம் குறைந்தது. அதே மாதத்தில் கடைகளில் வாங்கும் உணவின் விலை 3.8 சதவீதம் கூடியது. மார்ச்சில் அது 3.2 சதவீதமாகவே இருந்தது. டீசல் வரி இல்லாமலே தக்காளி ஏறியது என்பதே இதன் பொருள்.

கேள்வி: அப்படியானால் இந்த வரியை எதிர்த்தவர்கள் எல்லோரும் கணக்குத் தெரியாதவர்கள் என்கிறீர்களா? (எட்மன்ரன்)

பதில்: இல்லை. எதிர்ப்பில் கோஷமும் இருந்தது, நியாயமும் இருந்தது. நியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு பொருளின் விலையைக் கூட்டி அதன் பாவனையைக் குறைப்பது இந்த வரியின் நோக்கம். அதற்கு மாற்று வழி ஒன்று அருகில் இருக்கவேண்டும். டவுன்ரவுன் ரொறன்ரோவில் சுரங்க ரயில் இருக்கிறது. அல்பேர்ட்டாவின் சிற்றூர் ஒன்றில் அடுத்த மளிகைக் கடை அறுபது கிலோமீற்றரில் இருக்கிறது, வெளியே மறை முப்பது பாகை. அங்குள்ளவருக்கு விலை ஏறியது, வழி திறக்கவில்லை. கிராமப்புறத்தாருக்கு மீளளிப்பில் பத்து சதவீதம் மேலதிகமாகக் கொடுத்து, பின்னர் அதை இருபதாக்கினார்கள். அல்பேர்ட்டாவில் நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,800 டொலர் வந்தது, ஒன்ராறியோவைவிட மிகவும் கூட. இருந்தும் "திரும்பக் கொடுப்பதற்கு ஏன் எடுக்கிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பொதுமேடையில் தெளிவாக விடை சொன்ன அமைச்சர் ஒருவரையும் நான் கேட்டதில்லை. மீளளிப்பு எல்லோருக்கும் ஒரே தொகை, வரியோ எரிப்பதற்கு ஏற்ப. ஆகவே குறைவாக எரிப்பவர் மிச்சம் பிடிக்கலாம் என்பதே விடை. இரண்டு வாக்கியம்தான்.

இந்த வரிக்கு உண்மையான அடி விழுந்தது 2023 ஒக்ரோபர் 26ஆம் திகதி என்பது என் எண்ணம். அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, வீடு சூடாக்கும் எண்ணெய்க்கான காபன் வரியை மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்திவைப்பதாக அறிவித்தார். அந்த எண்ணெயை அதிகம் பாவிப்பவை அத்திலாந்திக் மாகாணங்கள். அங்கே ஆளும் லிபரல் கட்சியின் உறுப்பினர்கள் பலர் தம் தொகுதிகளை இழக்கும் அச்சத்தில் இருந்தார்கள். எண்ணெய் இயற்கை எரிவாயுவைவிட விலை கூடியது, அதைப் பாவிக்கும் குடும்பங்கள் பல வசதி குறைந்தவை என்பதெல்லாம் உண்மை. ஆனால் எண்ணெய் எரிவாயுவைவிட அழுக்கான எரிபொருள். அழுக்கானதற்கு விலக்கு, சுத்தமானதற்கு வரி என்று ஆனபோது, வரியின் அடிப்படையே ஆட்டம் கண்டது. அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் போன்ற பிரேரி மாகாணத்தவருக்கும் இப்படிச் சலுகை வேண்டுமென்றால் அவர்களும் கூடுதலான லிபரல் உறுப்பினர்களைத் தெரிவு செய்யவேண்டும் என்ற பொருளில் அமைச்சர் ஒருவர் தொலைக்காட்சியில் பேசியது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. சஸ்கச்சுவான் அரசு 2024 ஜனவரி 1 முதல் வீட்டு எரிவாயுவுக்கு இந்த வரியை அறவிடுவதையே நிறுத்திக்கொண்டது. இதில் அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று என்னால் சொல்லமுடியவில்லை.

இதற்குப் பின்னும், 2024 ஏப்ரல் 1ஆம் திகதி, வரி 65 டொலரிலிருந்து 80 டொலருக்கு ஏறியது. அந்த ஏற்றத்தைத் தடுக்கும்படி பல மாகாண முதல்வர்கள் எழுதினார்கள். வரியை ஆதரித்து இருநூறுக்கு மேற்பட்ட பொருளியலாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். வாடகை கட்ட முடியாமல் இருந்தவர் எந்தக் கடிதத்தை வாசித்திருப்பார் என்று கேட்டால், இரண்டையுமே வாசித்திருக்கமாட்டார்.

கேள்வி: பாராளுமன்ற வரவு செலவு அலுவலர் குடும்பங்களுக்கு நட்டம் என்று அறிக்கை கொடுத்தாரா, இலாபம் என்று கொடுத்தாரா? இரண்டு கட்சிகளும் அதே அறிக்கையைக் காட்டுகின்றனவே? (மிசிசாகா)

பதில்: அரசின் வரவு செலவைப் பாராளுமன்றத்துக்காகச் சுயாதீனமாகக் கணிப்பவர் இந்த அலுவலர். இரண்டும் அவருடைய அதே அறிக்கையில் இருந்தன. கட்டிய வரியையும், விலைகளில் மறைமுகமாகச் சேர்ந்ததையும், வந்த மீளளிப்பையும் மட்டும் எடுத்தால் பெரும்பாலான குடும்பங்களுக்கு இலாபம். இது முதல் அட்டவணை. வரியால் பொருளாதாரம் சற்று மந்தமடைந்து சம்பளமும் முதலீட்டு வருமானமும் எதிர்காலத்தில் குறைவதையும் சேர்த்தால் பலருக்கு நட்டம், இது இரண்டாவது. லிபரல்கள் முதலாவதையும் கொன்சவேட்டிவ்கள் இரண்டாவதையும் வாசித்தார்கள். 2024 ஏப்ரலில் அலுவலகம் தன் பிழையொன்றை ஒப்புக்கொண்டது: இரண்டாவது அட்டவணையில், பெருந்தொழிற்சாலைகளுக்கான வேறொரு காபன் விலையின் விளைவும் தவறுதலாகச் சேர்ந்திருந்தது. அந்த ஒக்ரோபரில் வந்த திருத்திய கணக்கில் பாதிப்பு முன்பு சொன்னதைவிடக் குறைந்திருந்தது. காலநிலை மாற்றத்தால் வரும் சேதத்தின் செலவு எந்த அட்டவணையிலும் ஒப்பிடப்படவில்லை.

கேள்வி: இது லிபரல் கட்சி கண்டுபிடித்த வரிதானே? (ஏஜக்ஸ்)

பதில்: கட்சிகளின் பெயரை வைத்து இந்த வரியின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் வழி தவறிவிடும். வட அமெரிக்காவில் முதன்முதலில் பெருந்தொழிற்சாலைகளின் காபனுக்கு விலை வைத்தது 2007இல் அல்பேர்ட்டா. அன்று அங்கே ஆட்சியில் இருந்தது கொன்சவேட்டிவ் கட்சி. பொதுமக்களுக்கான காபன் வரியை 2008 ஜூலை 1இல் பிரிட்டிஷ் கொலம்பியா கொண்டுவந்தது. கொண்டுவந்த கோர்டன் கம்பலின் கட்சி பெயரில் லிபரல் என்றாலும் கொள்கையில் வலதுசாரி. அதை எதிர்த்து "வரியை வெட்டு" என்ற கோஷத்துடன் அடுத்த தேர்தலைச் சந்தித்தது இடதுசாரியான என்.டி.பி. கட்சி, தோற்றுப்போனது. அதே 2008இல் மத்திய லிபரல் தலைவர் ஸ்டெஃபான் டியோன் காபன் வரியை முன்வைத்துத் தேர்தலில் நின்று தோற்றார்.

அல்பேர்ட்டாவில் றேச்சல் நோட்லியின் என்.டி.பி. அரசு 2017இல் பொதுமக்களுக்கும் காபன் வரி விதித்தது. 2019இல் ஜேசன் கென்னி அதை நீக்கினார். நீக்கிய இடத்தில் 2020 ஜனவரி 1இல் மத்திய அரசின் வரி வந்து அமர்ந்தது. மத்திய அரசின் வரி 2018இல் நிறைவேறிய சட்டத்தின் கீழ் 2019 ஏப்ரலில், சொந்தத் திட்டம் இல்லாத மாகாணங்களில் மட்டும், தொன்னுக்கு 20 டொலராகத் தொடங்கியது. ஒன்ராறியோவும் அல்பேர்ட்டாவும் சஸ்கச்சுவானும் வழக்குப் போட்டன. 2021 மார்ச் 25ஆம் திகதி உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. அந்த ஆண்டுத் தேர்தலில் கொன்சவேட்டிவ் தலைவராக இருந்த எரின் ஓ'ரூல்கூடப் பொதுமக்களுக்கான ஒரு காபன் விலையைத் தம் கொள்கை அறிக்கையில் வைத்திருந்தார். அதற்கு அடுத்த தலைவர் பியர் பொய்லியேவ் "வரியை வெட்டு" என்று நாடு முழுவதும் முழங்கினார். வெட்டியவரோ லிபரல் கட்சியின் மார்க் கார்னி: 2025 மார்ச் 14இல் பிரதமராகப் பதவியேற்ற அன்றே வரியைப் பூச்சியமாக்கும் பத்திரத்தில் கையொப்பமிட்டார். ஏப்ரல் 28இல் நடந்த தேர்தலில் பொய்லியேவின் கையில் அந்தக் கோஷம் இருந்தது, வெட்டுவதற்கு வரி இருக்கவில்லை. அவர் தம் தொகுதியையும் இழந்தார்.

கேள்வி: எமக்கு மீளளிப்பும் வரவில்லை, ஏப்ரலில் பெற்றோல் விலையும் இறங்கவில்லை. ஏன் இந்த வஞ்சகம்? (மொன்றியல்)

பதில்: கியூபெக் தன் சொந்த முறையை வைத்திருக்கிறது. அங்கே நிறுவனங்கள் காபன் உரிமங்களை ஏலத்தில் வாங்குகின்றன. அந்தச் சந்தை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுடன் இணைந்தது. மத்திய அரசின் வரி கியூபெக்கில் நடைமுறையில் இருந்ததே இல்லை, ஆகவே எடுப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஒன்ராறியோவும் 2018இல் இதே சந்தையில்தான் இருந்தது. டக் ஃபோர்ட் பதவிக்கு வந்ததும் அதிலிருந்து விலகினார். விலகியதால்தான் மத்திய வரி நமக்கு வந்தது.

கேள்வி: என் தம்பி மெல்பேர்ணில் இருக்கிறான். அங்கேயும் இப்படி ஒரு வரி வந்து போனதாம். பலன் என்ன? (விற்பி)

பதில்: ஆம். ஜூலியா கில்லார்ட் அரசு 2012 ஜூலை 1இல் தொன்னுக்கு 23 அவுஸ்திரேலிய டொலர் என்று காபனுக்கு விலை வைத்தது. டொனி அபட் அதே "வரியை வெட்டு" கோஷத்துடன் 2013இல் ஆட்சியைப் பிடித்து, 2014 ஜூலையில் நீக்கினார். ஆட்டிறைச்சி ஒரு துண்டு நூறு டொலர் ஆகிவிடும் என்று அங்கே ஓர் அரசியல்வாதி எச்சரித்திருந்தார், ஆகவில்லை.

உங்கள் தம்பிக்கு ஒன்று மிஞ்சியது, நமக்கு அது மிஞ்சவில்லை. காபன் விலைக்கு ஈடாக அவுஸ்திரேலிய அரசு வருமான வரி தொடங்கும் எல்லையை 6,000 டொலரிலிருந்து 18,200 டொலருக்கு உயர்த்தியது. காபன் விலை போன பின்னும் அந்த எல்லை அப்படியே நின்றது. கனடாவில் மீளளிப்பு வரியோடு கட்டப்பட்டிருந்தது, வரியோடேயே போனது.

கேள்வி: காபன் வரி இப்போது முற்றாக ஒழிந்துவிட்டதா? (ஹமில்ரன்)

பதில்: பொதுமக்களுக்கு ஒழிந்தது. உங்கள் ஊரின் உருக்கு ஆலைகள் போன்ற பெருந்தொழிற்சாலைகளுக்கான காபன் விலை தொடர்கிறது. ஒரு தொன் உருக்குக்கு இவ்வளவு காபன் என்று ஓர் அளவு வைத்து, அதற்கு மேல் போனதற்கு மட்டும் கட்டவேண்டும். நாட்டின் காபனைக் குறைப்பதில் மிகப் பெரிய பங்கு இந்த இரண்டாவது முறைக்கே இருக்கும் என்று கனடா காலநிலை நிறுவகம் மதிப்பிட்டிருந்தது. ஆண்டுக்கணக்காக நாம் சண்டையிட்டது சிறிய பங்கைப் பற்றி.

கேள்வி: எனக்கு வயது எழுபத்திரண்டு. பேஸ்மன்ட் ஒன்றில் தனியாக வாடகைக்கு இருக்கிறேன். கார் இல்லை, பஸ்ஸில்தான் போவேன். எரிவாயு பில் வீட்டுக்காரர் பெயரில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த 140 டொலர் இப்போது வருவதில்லை. இந்த வரி போனதால் எனக்கு இலாபமா, நட்டமா? (ஸ்காபரோ)

பதில்: அம்மா, உங்களுக்கு நட்டம்தான். சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்கு ஆண்டுக்கு 560 டொலர் வந்துகொண்டிருந்தது. கடைசித் தவணை 2025 ஏப்ரல் 22ஆம் திகதி போடப்பட்டது. நீங்கள் நேரடியாகக் கட்டிய காபன் வரி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பொருட்களின் விலையில் மறைமுகமாகச் சேர்ந்தது சில பத்து டொலர்களாக இருந்திருக்கலாம். விலைவாசியின் பெயரால் நடந்த இந்த வாதத்தில், விலைவாசியால் அதிகம் வாடும் உங்களைப் போன்றோரின் கணக்கை மேடையில் ஒருவரும் படித்துக் காட்டவில்லை.

அந்த 560 டொலரை நான் திருப்பித் தரமுடியாது. ஒரு வழி மட்டும் சொல்கிறேன். வீட்டுக்காரரின் எரிவாயு பில்லில் காபன் வரிக்கென்று இருந்த தனி வரிசை ஏப்ரலிலிருந்து இல்லை. மேலே முதற் கேள்வியில் போட்ட கணக்கின்படி, ஒரு சராசரி வீட்டில் அது ஆண்டுக்கு 379 டொலர் வரை வரும். எரிவாயுச் செலவையும் சேர்த்தே உங்களிடம் வாடகை வாங்குகிறார் என்றால், அந்தக் குறைவு முழுவதும் அவர் பையில் இருக்கிறது. 2025ஆம் ஆண்டுக்கு ஒன்ராறியோ அனுமதித்த வாடகை உயர்வு 2.5 சதவீதம். அடுத்த உயர்வுக் கடிதத்தை அவர் கொண்டுவரும்போது, பழைய பில் ஒன்றையும் புதிய பில் ஒன்றையும் காட்டும்படி மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டலாம்.